பரிசு பெற்ற புத்தகமும் பைராம் தோட்டத்துப் பிள்ளையும்

பினாங்கு மாநிலத்தின் தென்கோடியில், நிபோங் திபால் பட்டணத்தை ஒட்டிக் கிடக்கிறது பைராம் தோட்டம். தீவிலுள்ள ஜார்ஜ்டவுனுக்குப் போக இங்கிருந்து கடலைத் தாண்ட வேண்டும். தோட்டத்தின் பெயரைத் தாங்கிய தமிழ்ப்பள்ளி ஒன்று உண்டு. மாநிலத்தின் 28 தமிழ்ப்பள்ளிகளில் அதுவும் ஒன்று. சிறார் இலக்கிய விருதுகளைப் பற்றி எழுதுகிறவர்கள் டில்லியிலோ ஸ்டாக்ஹோமிலோ தொடங்குவது வழக்கம். இத்தகைய ஒரு பள்ளியின் வள மையத்து அலமாரியில் தொடங்கினால் என்ன தெரியவரும் என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிள்ளைகளுக்கான நூலுக்குத் தரும் விருதை மேடையில் வைத்து அளக்க முடியாது. விருது அறிவித்த பிறகு அந்த நூல் பத்து வயதுப் பிள்ளையின் கைக்கு வந்ததா, வந்தால் எத்தனை கைகளுக்கு வந்தது என்று கேட்க வேண்டும். அப்படிக் கேட்டால் தமிழில் இன்றுள்ள விருதுகள் பாதி வேலையைத்தான் செய்கின்றன. மலேசியத் தமிழ்ப் பிள்ளையைப் பொறுத்தவரை அந்தப் பாதியும் நடப்பதில்லை.

இந்த மண்ணின் கதையைக் கொஞ்சம் சொன்னால்தான் காரணம் விளங்கும். 19ஆம் நூற்றாண்டில் செபராங் பிறையின் தென்பகுதி கரும்புச் சீமையாக இருந்தது. இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் பைராம் என்ற இடத்தைப் பூர்வீகமாகக் கொண்ட ராம்ஸ்டன் குடும்பம் நிபோங் திபால் வட்டாரத்தில் பெரும் தோட்டங்களை வைத்திருந்தது. ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர்கள் அந்தக் கரும்புக் காடுகளுக்கு வந்தார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கரும்பு போய் ரப்பர் வந்தது, பிறகு செம்பனை வந்தது. தோட்டம் கைமாறியது, பயிர் மாறியது, லயத்துப் பிள்ளைகள் மட்டும் அங்கேயே இருந்தார்கள்.

மலாயாவில் தமிழ்க் கல்வி தொடங்கிய இடமும் பினாங்குதான். 1816இல் பினாங்கு இலவசப் பள்ளியில் திறந்த தமிழ் வகுப்பையே முதல் வகுப்பாகக் கொண்டு 2016இல் இருநூறாம் ஆண்டைக் கொண்டாடினோம். நகரத்து வகுப்பின் கதை அது. தோட்டப் பிள்ளைகளுக்குப் பள்ளி வந்தது வெகுகாலம் கழித்து. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேரோ அதற்கு மேலோ இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும் என்று 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் சொன்னது. பள்ளி என்றால் ஒரு கொட்டகை. எழுத்துச் சொல்லிக் கொடுத்தவர் பல இடங்களில் கிராணி, சில இடங்களில் கங்காணி. அந்தக் கொட்டகைக்குள் கதைப் புத்தகத்துக்கு இடமே இருந்ததில்லை. பாட நூல் வந்ததே பெரிய காரியம்.

சுதந்திரத்துக்குப் பின் கட்டடம் வந்தது, பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் வந்தார்கள், பாட நூல் இந்த நாட்டிலேயே உருவானது. கூடவே தேர்வும் வந்தது. 1988இல் தொடங்கி 2021இல் கைவிடப்பட்ட யு.பி.எஸ்.ஆர். தேர்வு, ஆறாம் ஆண்டு முடிக்கும் பிள்ளையின் வாழ்க்கையையே தீர்மானிப்பதுபோல் முப்பது ஆண்டுகளுக்கு மேல் நம் வீடுகளில் உட்கார்ந்திருந்தது. அந்தக் காலம் முழுவதும் மலேசியத் தமிழ்ப் பதிப்புலகில் பிள்ளைகளுக்கென்று அதிகம் அச்சானது பயிற்சி நூல்தான். பெற்றோர் தயங்காமல் காசு கொடுத்து வாங்கிய தமிழ்ப் புத்தகமும் அதுதான். பரிசளிப்பு விழாவில் ஏழு ‘ஏ’ எடுத்த பிள்ளைக்குக் கிண்ணம், நற்சான்றிதழ், பை, அகராதி எல்லாம் கொடுத்தோம். கதைப் புத்தகத்தைப் பரிசாகக் கொடுத்த விழாக்கள் மிகச் சில. கல்வி அமைச்சு 1990களின் இறுதியில் நிலாம் என்ற வாசிப்புத் திட்டத்தைக் கொண்டுவந்து, படித்த புத்தகங்களைப் பதிவு செய்யும் மாணவர்களுக்கு அங்கீகாரம் தந்தது. நல்ல திட்டம். ஆனால் பதிவேட்டை நிரப்பத் தமிழில் எத்தனை நூல் இருந்தது என்ற கேள்வியை அது கேட்கவில்லை. கேட்பது அதன் வேலையும் இல்லை.

இந்த நாட்டில் தமிழ் எழுத்துக்கான அங்கீகாரம் பெரும்பாலும் பத்திரிகைகள் வழியாகவே வந்திருக்கிறது. 1950களின் தொடக்கத்தில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் தமிழ் நேசனில் நடத்திய ‘கதை வகுப்பு’, எழுத விரும்பியவர்களின் கதைகளை வாங்கித் திருத்தித் தரம் பிரித்தது. அதே பத்தாண்டில் கோ. சாரங்கபாணியின் தமிழ் முரசு ‘மாணவர் மணிமன்றம்’ என்ற பகுதியைத் தொடங்கியது. தோட்டப்பள்ளி மாணவன் தன் பெயரை அச்சில் பார்த்தது அங்கேதான். பணமோ பதக்கமோ இல்லாத இந்த அங்கீகாரத்தை நான் மிகப் பெரியதாகக் கருதுகிறேன். அந்தப் பக்கத்தில் எழுதிப் பழகியவர்கள் பின்னால் இந்நாட்டின் எழுத்தாளர்களாகவும் ஆசிரியர்களாகவும் ஆனார்கள், ஊருக்கு ஊர் மணிமன்றங்கள் எழுந்தன. 1970களில் முருகு சுப்பிரமணியன் ஆசிரியராக இருந்தபோது தமிழ் நேசன் நல்ல சிறுகதைக்குப் பவுன் பரிசு கொடுத்தது. தோட்டத்துச் சம்பளத்தில் ஒரு பவுன் என்றால் என்ன மதிப்பு என்று சொல்ல வேண்டியதில்லை. பிறகு மலாயாப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவையின் சிறுகதைப் போட்டி வந்தது, எழுத்தாளர் சங்கத்தின் போட்டிகள் வந்தன.

இந்தப் பட்டியல் முழுக்கச் சிறுகதை, நாவல், கவிதை. மாணவர்கள் எழுதுவதற்கு இடம் இருந்தது. மாணவர்களுக்காக ஒருவர் நல்ல நூல் எழுதினால் அதைப் பாராட்டத் தொடர்ந்து நடக்கும் ஒரு பரிசு இல்லை. முரசு நெடுமாறனை எடுத்துக்கொள்ளுங்கள். 1997இல் வந்த ‘மலேசியத் தமிழ்க் கவிதைக் களஞ்சியம்’ தொகுத்தவர் என்று அவரைக் கொண்டாடுகிறோம். வகுப்பறையில் நின்று பிள்ளைகளின் நாக்குக்கு ஏற்றபடி பாட்டுக் கட்டிய அந்த ஆசிரியரைப் பற்றி எத்தனை பேர் எழுதியிருக்கிறார்கள்?

உலகில் சிறார் நூலுக்கென்றே தோன்றிய முதல் பரிசின் கதையில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. அமெரிக்காவில் புத்தக வணிகத்தில் இருந்த ஃபிரெடரிக் மெல்ச்சர் என்பவர் 1921இல் நூலகர்களின் கூட்டமொன்றில் ஒரு யோசனை சொன்னார். 18ஆம் நூற்றாண்டில் லண்டனில் பிள்ளைகளுக்காகப் புத்தகம் போட்டு விற்ற ஜான் நியூபெரியின் பெயரில் ஒரு பதக்கம் கொடுக்கலாம் என்றார். 1922இல் முதல் நியூபெரி பதக்கம் கொடுக்கப்பட்டது. இங்கே கவனிக்க வேண்டியது, தேர்ந்தெடுத்தவர்கள் பேராசிரியர்களோ விமர்சகர்களோ அல்லர், பிள்ளைகளுக்கான நூலகர்கள். பதக்கம் பெற்ற நூலை நாடெங்கும் நூலகங்கள் வாங்கின. வாங்கியதால் அது அச்சில் நிலைத்தது. அச்சில் நிலைத்ததால் அடுத்த தலைமுறையும் படித்தது. பதக்கத்தில் பெரிய பணம் இல்லை. எழுத்தாளருக்குப் பணம் வந்தது விற்பனையில். 1936இல் பிரிட்டனில் தோன்றிய கார்னகி பதக்கமும் நூலகர்கள் கொடுப்பதே.

தமிழில் இந்தச் சங்கிலி முதல் கண்ணியோடு அறுந்துவிடுகிறது.

தமிழ்நாட்டில் பிள்ளைகளுக்கான எழுத்தை ஓர் இயக்கமாக்கியவர் அழ. வள்ளியப்பா. புதுக்கோட்டைப் பக்கத்து இராயவரத்தில் 1922இல் பிறந்தவர், வங்கியில் வேலை பார்த்தவர். 1950இல் குழந்தை எழுத்தாளர் சங்கத்தைத் தோற்றுவித்தார். அவருடைய பாட்டுகள் கடல் கடந்து நம் தோட்டப்பள்ளிகளிலும் ஒலித்தன. என் தலைமுறைக்கும் முந்தைய தலைமுறைக்கும் தமிழ் எழுத்தைவிடத் தமிழ் ஓசையை முதலில் தந்தவை அவை. ஆனாலும் இந்திய அரசின் சாகித்திய அகாதமி 1954இல் தொடங்கி ஐம்பத்தாறு ஆண்டுகள் கழித்தே சிறார் இலக்கியத்துக்கெனத் தனி விருதை ஏற்படுத்தியது. வள்ளியப்பா 1989இலேயே மறைந்துவிட்டார்.

2010இல் தொடங்கிய அந்த பால சாகித்திய புரஸ்கார் விருதைத் தமிழில் முதலில் பெற்றவர் திண்டுக்கல்லைச் சேர்ந்த மா. கமலவேலன், நூல் ‘அந்தோணியின் ஆட்டுக்குட்டி’. அடுத்து 2011இல் ம.இலெ. தங்கப்பா, 2012இல் ராஜபாளையத்தின் கொ.மா. கோதண்டம், 2013இல் ரேவதி என்ற பெயரில் எழுதிய ஈ.எஸ். ஹரிஹரன், 2014இல் ‘ஆயிஷா’ நடராசன், 2015இல் செல்ல கணபதி, 2016இல் ஐந்திணைப் பதிப்பகம் நடத்திய குழ. கதிரேசன், 2017இல் சிறார் நாடகக்காரர் வேலு சரவணன், 2018இல் கிருங்கை சேதுபதி, 2019இல் வள்ளியப்பாவின் மகள் தேவி நாச்சியப்பன். 2020 முதல் யெஸ். பாலபாரதி, மு. முருகேஷ், ஜி. மீனாட்சி, உதயசங்கர், யூமா வாசுகி, 2025இல் விஷ்ணுபுரம் சரவணன்.

பதினாறு பெயர்கள். இவர்களில் பெண்கள் இருவர் மட்டுமே. பிள்ளைகளுக்குக் கதை சொல்லும் வேலையை வீடுகளிலும் பாலர் பள்ளிகளிலும் பெரும்பாலும் பெண்கள் செய்கிற சமூகத்தில் இந்த எண்ணிக்கை என்னை உறுத்துகிறது. பெண்கள் எழுதவில்லையா, எழுதியது நூலாகவில்லையா, நூலானது நடுவர் கண்ணுக்குப் போகவில்லையா? மூன்றும் கொஞ்சம் கொஞ்சம் உண்மையாக இருக்கலாம் என்றே நினைக்கிறேன்.

தொகையையும் பார்க்க வேண்டும். அகாதமியின் முதன்மை விருதுக்கு ஒரு லட்சம் ரூபாய், பால புரஸ்காருக்கு 50,000 ரூபாயும் செப்புப் பட்டயமும். எழுத்தாளர்களுக்கு ஐம்பதாயிரம் பெரிதா சிறிதா என்பது வேறு விஷயம். பெரியவர்களுக்கு எழுதியதற்கு முழுத் தொகை, பிள்ளைகளுக்கு எழுதியதற்குப் பாதி என்று ஒரு தேசிய நிறுவனம் விலை வைக்கும்போது, அந்த எழுத்து பாதி எழுத்துதான் என்ற பழைய எண்ணத்துக்கு அரசு முத்திரை கிடைத்துவிடுகிறது.

இத்தனை சொன்னாலும், இந்த விருது தமிழுக்கு நல்லது செய்திருக்கிறது என்பதை நான் முழு மனதோடு சொல்வேன். முதல் பத்தாண்டின் பட்டியலில் நீண்ட கால உழைப்புக்கு மரியாதை செய்யும் குணம் தூக்கலாகத் தெரிகிறது. கதிரேசனுக்கும் தேவி நாச்சியப்பனுக்கும் மொத்தப் பங்களிப்புக்காகவே விருது போனது. வெகுகாலம் கவனிக்கப்படாத துறையில் அது நியாயம்தான். ஆனால் வாழ்நாள் மரியாதை, இந்த ஆண்டு ஒரு பிள்ளை எதைப் படிக்கலாம் என்று சொல்லாது. 2020 முதல் விருது ஒவ்வோர் ஆண்டும் ஒரு நூலைப் பார்த்தே பேசியது.

திருப்பம் என்று ஒரு நூலைச் சுட்டச் சொன்னால் பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ நூலைச் சுட்டுவேன். பாலியல் சீண்டலுக்கு ஆளாகும் பிள்ளை அதை யாரிடம் சொல்வது, எப்படிச் சொல்வது என்பதைப் பேசும் மரப்பாச்சி பொம்மை ஒன்றின் துணையோடு சொல்லும் கதை அது. எழுதுவது எளிதல்ல. கொஞ்சம் பிசகினால் பிள்ளை பயந்துவிடும், கொஞ்சம் மழுப்பினால் சொல்ல வந்தது புரியாது. பாலபாரதி பிள்ளையைக் குற்றவாளிபோல் உணர விடாமல், பெரியவர்களின் பொறுப்பைப் பெரியவர்களிடமே வைக்கிறார். மதியிறுக்கம் உள்ள பிள்ளைகளைப் பற்றித் தொடர்ந்து எழுதிவருகிறவர் அவர். ‘துலக்கம்’ நாவலிலும் அதே கவனம் இருக்கிறது. வீட்டில் வாய் திறந்து பேசாத ஒன்றைக் கதை மூலம் பேசிய நூலுக்கு தேசிய விருது கிடைத்தபோது, அதைப் பள்ளிக்குள் கொண்டுபோகத் தயங்கிய ஆசிரியருக்கு ஒரு பிடி கிடைத்தது. ‘அகாதமி விருது பெற்ற நூல்’ என்று சொல்லித் தலைமையாசிரியரிடம் நீட்டலாம். விருது செய்யக்கூடிய மிகப் பயனுள்ள வேலைகளில் இதுவும் ஒன்று. கீழடியைக் களமாக வைத்து உதயசங்கர் எழுதிய ‘ஆதனின் பொம்மை’க்கும் அப்படி ஒரு வழி திறந்தது.

மறுபக்கமும் உண்டு. நடராசனின் ‘ஆயிஷா’ அவருக்கு விருது கிடைக்கப் பல ஆண்டுகளுக்கு முன்பே ஆசிரியர்களிடையே கைமாறிக் கைமாறித் தமிழகமெங்கும் பரவிவிட்டது. கேள்வி கேட்கும் ஒரு மாணவியை வகுப்பறை என்ன செய்கிறது என்ற அந்தக் கதைக்கு எந்தப் பட்டயமும் தேவைப்படவில்லை. 2014இல் அகாதமி விருது பெற்றது அவருடைய வேறொரு நூல், ‘விஞ்ஞான விக்ரமாதித்தன் கதைகள்’. நல்ல நூல் தானே வழி கண்டுகொள்ளும் என்பதற்கு இதைச் சான்று காட்டுகிறவர்கள் உண்டு. அது எப்போதாவது நடப்பது. எல்லா நூலுக்கும் அப்படி ஆசிரியர் படை கிடைக்காது.

ஓவியர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. அமெரிக்காவில் 1938 முதல் படநூல் ஓவியருக்கென கால்டெகாட் பதக்கம் இருக்கிறது. சென்னையின் தாரா பதிப்பகம் கோண்டு ஓவியர்களைக் கொண்டு ஆங்கிலத்தில் வெளியிட்ட ‘தி நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்’ 2008இல் இத்தாலியின் பொலோன்யா சிறார் புத்தகக் காட்சியில் பரிசு பெற்றது. ஆக, ஓவியத் திறமை நம் ஊரில் இல்லாமல் இல்லை. பால புரஸ்கார் எழுதியவருக்கு மட்டும். படம் போட்டவரின் பெயர் பல தமிழ்ச் சிறார் நூல்களில் உள்பக்கத்துச் சிறு எழுத்தில்தான் கிடைக்கும். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கும் பிள்ளைக்குப் படம்தான் பாதிக் கதை.

சரி, பைராம் தோட்டத்துக்கு வருவோம். சாகித்திய அகாதமியின் விருது இந்தியக் குடிமக்களுக்கு மட்டுமே. ஒரு தேசிய அகாதமி அப்படி வைத்திருப்பதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இந்தப் பக்கம் திரும்பினால், மலேசியாவின் உயரிய இலக்கிய விருதான தேசிய இலக்கியவாதி விருது 1981இல் கெரிஸ் மாஸ் தொடங்கி இதுவரை மலாய் மொழியில் எழுதுவோருக்கே போயிருக்கிறது. அரசின் மற்ற இலக்கியப் பரிசுகளும் மலாய்ப் படைப்புகளை மையமாகக் கொண்டவை. அவற்றில் இளையோர் நாவலுக்குத் தனி இடமே இருக்கிறது. நிபோங் திபாலில் பிறந்து வளர்ந்த ஒருவர் அவ்வூர்ப் பிள்ளைகளுக்காகத் தமிழில் ஒரு நல்ல கதை எழுதினால், ஓர் அரசு குடியுரிமையைக் காட்டிக் கதவை மூடும், இன்னோர் அரசு மொழியைக் காட்டி மூடும். அந்த நூல் நடுவில் நிற்கும்.

இலங்கையில் நிலைமை வேறு. அங்கே அரசு சாகித்திய விருது சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் கொடுக்கப்படுகிறது, தமிழ்ச் சிறார் இலக்கியத்துக்கும் அதில் தனிப் பிரிவு உண்டு. அந்நாட்டுத் தமிழர் பட்ட பாடு உலகறிந்தது. அப்படியிருந்தும் தமிழில் எழுதிய சிறுவர் நூலை அரசின் நடுவர்கள் படிக்கிறார்கள், பரிசு தருகிறார்கள். மட்டக்களப்பின் ஓ.கே. குணநாதன் போன்றவர்கள் சிறார் எழுத்தையே வாழ்நாள் பணியாகக் கொள்ள அத்தகைய சூழல் துணை செய்திருக்கிறது. 520க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளைத் தேசியக் கல்வி அமைப்புக்குள்ளேயே வைத்திருக்கும் மலேசியாவில் இதைக் கேட்பது பெரிய ஆசையா?

அரசு தராவிட்டால் சமூகம் தரலாம். தந்தும் இருக்கிறது, ஆனால் பெரியவர்களின் நூல்களுக்கு. துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தோட்டத் தொழிலாளர்களின் சிறு சேமிப்பைத் திரட்டித் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தோடு பல்லாண்டுகள் பின்னிப் பிணைந்த பெயர் டான்ஸ்ரீ கே.ஆர். சோமா. அவர் பெயரிலான அறவாரியம் நாட்டெல்லை பாராமல் 10,000 அமெரிக்க டாலர் புத்தகப் பரிசு வழங்கியது. தமிழ்நாட்டின் வைரமுத்து ‘மூன்றாம் உலகப்போர்’ நாவலுக்காக அதைப் பெற்றார். எல்லைகளைத் தாண்டும் பரிசை மலேசியத் தமிழரால் நடத்த முடியும் என்பதற்கு இது கண்கூடான சான்று. பால்மரம் வெட்டியவர்களின் காசில் எழுந்த சமூகம் இது. அவர்களின் பேரப் பிள்ளைகள் படிக்கும் நூலுக்கும் ஒரு பரிசு வைப்பது இச்சமூகத்தின் கைக்கு எட்டாததல்ல.

எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். கெடா மாநிலத்தில் ஆசிரியராகப் பணியாற்றும் கே. பாலமுருகன் 2014இல் ‘மர்மக் குகையும் ஓநாய் மனிதர்களும்’ என்ற சிறுவர் மர்ம நாவலை வெளியிட்டார், தொடர்ச்சியும் எழுதினார். பெரியவர்களுக்கான புனைவில் பெயர் பெற்ற ஒருவர் பிள்ளைகளுக்கு இறங்கி எழுதாமல், அவர்களோடு சேர்ந்து பயந்து, சேர்ந்து ஓடி எழுதிய முயற்சி அது. தமிழ்நாட்டில் வாண்டுமாமா அரை நூற்றாண்டாகச் செய்த வேலையை இங்குள்ள காட்டையும் மலையையும் பேச்சையும் வைத்துச் செய்தால் என்ன ஆகும் என்று காட்டியது. அடுத்த பத்துப் பேர் அவரைப் பின்பற்ற வேண்டியிருந்தது. பின்பற்ற யாருக்கும் ஓர் உந்துதல் வேண்டும் அல்லவா?

எப்படிப்பட்ட பரிசு வேண்டும் என்பதற்கு வெளியுலகில் இரண்டு நல்ல முன்மாதிரிகள் உள்ளன. ஒன்று, ஸ்வீடன் அரசு, சிறார் எழுத்தாளர் ஆஸ்திரிட் லிண்ட்கிரென் மறைந்த 2002இல் அவர் நினைவாக ஏற்படுத்திய விருது. தொகை 50 லட்சம் குரோனா, சிறார் இலக்கிய உலகில் மிகப் பெரியது. தொகையைவிட என்னை ஈர்ப்பது அதன் விதி: எழுத்தாளர், ஓவியர், கதைசொல்லி, வாசிப்பை வளர்க்கும் அமைப்பு, யாரும் பெறலாம். 2007இல் வெனிசுவேலாவின் பாங்கோ டெல் லிப்ரோ, 2009இல் பாலஸ்தீனத்தின் தாமர் நிறுவனம், 2015இல் தென்னாப்பிரிக்காவின் பிரேசா ஆகிய அமைப்புகள் பெற்றன. புத்தகத்தைப் பிள்ளையிடம் கொண்டு சேர்ப்பதும் இலக்கியப் பணி என்று உலகின் பெரிய பரிசே ஒப்புக்கொள்கிறது. நம் பள்ளிகளில் மதிய வேளையில் அலமாரியைத் திறந்து வைத்துக்கொண்டு பிள்ளைகளைக் கூப்பிடும் ஆசிரியையை எந்தப் பரிசுப் பட்டியலிலும் நான் கண்டதில்லை.

மற்றொன்று, பிள்ளைகளே நடுவர்களாக இருப்பது. பிரான்சில் 1988இல் தொடங்கிய ‘ஆங்கொரப்டிப்ல்’ பரிசில் மாணவர்கள் ஓராண்டு முழுக்கத் தெரிவு செய்த சில நூல்களைப் படித்துவிட்டு வாக்களிக்கிறார்கள், பங்கெடுப்போர் லட்சக்கணக்கில். ஜெர்மனியில் 1956 முதல் அரசு கொடுத்துவரும் இளையோர் இலக்கியப் பரிசில் 2003 முதல் வாசகர் வட்டப் பிள்ளைகளின் தனி நடுவர் குழு இருக்கிறது. வேற்று நாட்டார் எழுதி ஜெர்மனுக்கு மொழிபெயர்த்த நூலும் அங்கே பரிசு பெறலாம். தங்கள் பிள்ளை படிக்கும் மொழியில் இருக்கிறதா என்பதே அவர்களுக்குக் கேள்வி. எழுதியவரின் கடவுச்சீட்டை அவர்கள் பார்ப்பதில்லை. பிள்ளைகளுக்கு நல்லது தெரியாது, வேடிக்கையானதற்கே வாக்களிப்பார்கள் என்று இங்கே சிலர் சொல்வார்கள். வேடிக்கையான நல்ல நூல் தமிழில் குறைவாக இருப்பதற்கும் அந்த நினைப்புக்கும் தொடர்பு இருக்கிறது என்பேன்.

இவற்றை வைத்துப் பினாங்கிலேயே தொடங்கலாம். மாநிலத்தில் 28 தமிழ்ப்பள்ளிகள். மாநில அரசு அவற்றுக்கு ஆண்டுதோறும் நிதி ஒதுக்கி வருகிறது. செபராங் ஜெயாவில் மாநிலப் பொது நூலகக் கழகம் இருக்கிறது. 2011 முதல் நடந்துவரும் ஜார்ஜ்டவுன் இலக்கிய விழா 2018இல் லண்டன் புத்தகக் காட்சியின் சிறந்த இலக்கிய விழா விருதைப் பெற்றது. மேடை, நூலகம், பள்ளி மூன்றும் ஒரே மாநிலத்தில் தயாராக இருக்கின்றன.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். எந்த நாட்டிலிருந்தும் வந்த புதிய தமிழ்ச் சிறார் நூல்களில் ஆறை ஆசிரியர்களும் நூலகர்களும் தெரிவு செய்யட்டும். பள்ளிக்கு ஒவ்வொன்றிலும் ஐந்து பிரதிகள் என்றால் 28 பள்ளிகளுக்கு 840 பிரதிகள். ஒரு நூல் 15 ரிங்கிட் என்று வைத்தால் 12,600 ரிங்கிட். நான்கு முதல் ஆறாம் ஆண்டு வரையிலான பிள்ளைகள் படித்து வாக்களிக்கட்டும். வென்ற நூலுக்குப் பரிசாக, நாடு முழுவதுமுள்ள தமிழ்ப்பள்ளிகளை 520 என்று கொண்டு தலா இரண்டு பிரதிகள் வாங்கினால் 1,040 பிரதிகள், 15,600 ரிங்கிட். மொத்தம் 28,200 ரிங்கிட். முன்பு சொன்ன 10,000 டாலரைவிட இது குறைவு. தமிழில் ஒரு சிறார் நூல் ஆயிரம் பிரதி அச்சாவதே பெரிது என்ற நிலையில், வென்ற நூலின் ஒரு பதிப்பு முழுவதும் ஒரே நாளில் பிள்ளைகளிடம் போய்விடும். பதிப்பாளர் அடுத்த நூலைத் துணிந்து போடுவார். ஓவியருக்கும் நல்ல கூலி கொடுக்கத் தோன்றும்.

தோட்டங்கள் மேம்பாட்டுத் திட்டங்களுக்குப் போகின்றன, லயத்துக் குடும்பங்கள் பட்டணத்து அடுக்குமாடிகளுக்குப் போகின்றன, சிறிய தமிழ்ப்பள்ளிகளில் மாணவர் எண்ணிக்கை குறைகிறது. காத்திருக்க நேரமில்லை. பினாங்கு மாநில அரசும், மலேசியத் தமிழ் எழுத்தாளர் சங்கமும், 28 பள்ளிகளின் தலைமையாசிரியர்களும் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் ஒருமுறை கூடி உட்கார்ந்து, அடுத்த பள்ளித் தவணைக்குள் அந்த முதல் ஆறு நூல்களைத் தெரிவு செய்யுங்கள். வாக்குப் பெட்டிகளில் முதல் பெட்டியைப் பைராம் தோட்டத் தமிழ்ப்பள்ளிக்கு அனுப்புங்கள்.